கை வைத்துப் பார்த்த வண்டி

எங்கள் அப்பா பொய் சொல்லமாட்டார். பதுளைக் கடைத்தெருவில் இது எல்லாருக்கும் தெரியும். அதனால் எங்கள் துணிக்கடைக்கு நல்ல பேர் இருந்தது. வியாபாரம் அவ்வளவாக இல்லை. தோட்டத்திலிருந்து வந்த பெண் சேலையை விரித்துப் பார்த்து, சாயம் போகுமா என்று கேட்டால், அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "போகும்" என்பார். அடுத்த கடைக்காரர் யோசிக்காமலே, "போகாது" என்பார். அவள் அங்கே வாங்குவாள். சாயம் போனபின் எங்கள் கடைக்கு வந்து, நீங்கள் சொன்னது சரிதான் என்று சொல்லிவிட்டுப் போவாள்.

அப்படிப்பட்டவருக்கு ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஊர் என்றால் எங்களுக்கு இந்தியாவில் இராமநாதபுரம் பக்கம். எழுதியவர் அப்பாவின் மூத்த அண்ணன், எங்கள் பெரியப்பா. நான் அவரைப் பார்த்ததில்லை. அவர் அங்கே நிலத்தைப் பார்த்துக்கொண்டு, கடல் தாண்டியிருந்த எங்களைக் கடிதத்தாலேயே ஆண்டுவந்தார். சித்தப்பாவுக்குப் பெண் பார்த்தாகிவிட்டது, தை மாதத்துக்குள் அவனை அனுப்பிவிட வேண்டும், இனி அவன் நிலத்தோடு இங்கேயே இருப்பான், கடைக்கு அவன் கட்டாயம் வேண்டும் என்றால் காரணத்தை எழுது என்று அதில் இருந்தது.

சித்தப்பா அப்பாவுக்குக் கடைசித் தம்பி. பன்னிரண்டு வயதில் இங்கே வந்தவர். துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக ஏறி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசல்களில் விரித்து விற்றுவிட்டு வருவார். என்னோடு பேசுகிறவர்கள் எல்லாரும் நானும் பதிலுக்குப் பேசவேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். எனக்கு வாய் வராது. சித்தப்பா ஒருவர்தான் பதில் எதிர்பார்க்காமல் என்னோடு பேசுவார். அதனால் அவர் போகக்கூடாது என்று நான் நினைத்தேன். அவர் ஏன் போகக்கூடாது என்று நினைத்தார் என்பது எனக்குத் தெரியாது. கடிதம் வந்த அன்று அவர் ஒரே வேட்டியை மடிப்பதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருந்தார். பிறகு அடுப்படிக்கு வந்து அம்மாவிடம், "நான் போகல அண்ணி. அங்க போனா நான் செத்துப் போன மாதிரிதான். அண்ணன்கிட்டச் சொல்லுங்க" என்றார்.

அம்மா சொன்னாள். அப்பாவுக்குச் சங்கடமாகிவிட்டது. காரணம் வேண்டுமே, அதுவும் உண்மையான காரணமாக இருக்கவேண்டுமே என்றார். இருக்கிற வியாபாரத்துக்கு அப்பா ஒருவரே அதிகம் என்பது அவருக்கே தெரியும். எனக்கு அப்போது ஒன்பது வயது. கடையில் ஆள் தேவை என்று ஒரு வரி எழுதிவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அப்படித் தோன்றியதே தப்போ என்று பயந்து அம்மாவிடம்கூட அதைச் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மோட்டார் சைக்கிள் வந்தது. வந்தது என்றால், பேச்சாக வந்தது. பதுளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் தேயிலை ஸ்டோர் என்கிற ஆலையில் இயந்திரம் ஓட்டுகிற ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கடைக்கு வருவார். இஞ்சின்காரர் என்றுதான் அவரை அழைப்போம். சித்தப்பாவின் கூட்டாளி. தன் தோட்டத்துத் துரையின் மோட்டார் சைக்கிளைத் துடைத்து வைக்கும் சாக்கில், துரைக்குத் தெரியாமல் சித்தப்பாவுக்கு அதை ஓட்டப் பழக்கிவிட்டிருந்தார். மடுல்சீமைப் பாதையில் ஒரு தோட்டத்தில் சின்னத் துரை ஒருவர் வேலையை விட்டுச் சீமைக்கே போகிறார், அவருடைய வண்டி விலைக்கு வருகிறது என்று அவர் சொன்னார். வண்டி இருந்தால் துணி மாதிரிகளைக் கொண்டுபோய்த் தோட்டங்களில் காட்டி, வேண்டியதை எழுதிக்கொண்டு ஒரே நாளில் திரும்பிவிடலாம் என்றும் சொன்னார்.

அப்பா இரண்டு நாள் யோசித்தார். பிறகு சித்தப்பாவைக் கூப்பிட்டார். "வண்டி இருந்தா ஓட்ட ஆள் வேணும். அத அண்ணனுக்கு எழுதலாம். ஆனா வண்டி நெசமா நல்லதா இருக்கணும். இஞ்சின் சரியில்லேன்னா வாங்கமாட்டேன். அப்புறம் நீ கப்பலேற வேண்டியதுதான்."

சித்தப்பா தலையாட்டினார்.

இஞ்சின் நல்லதா என்று எப்படிப் பார்ப்பது? மறு ஞாயிறு இஞ்சின்காரரிடம் அப்பா இதைக் கேட்டபோது பெரிய மாமாவும் கடையில் இருந்தார். மாமா அம்மாவுக்கு அண்ணன். பண்டாரவளை ரயில் நிலையத்திலிருந்து பதுளைக்குச் சரக்கு ஏற்றும் மாட்டு வண்டிகள் வைத்திருந்தார். ரயில் அப்போது பண்டாரவளைக்கு இப்பால் வந்திருக்கவில்லை. பதுளைக்குக் கொண்டுவருவதற்காக மலையைக் குடைந்துகொண்டிருந்தார்கள். குடைந்து முடிக்கமாட்டார்கள் என்று மாமா நம்பினார்.

"மாட்டுக்குன்னா பல்லப் பாக்கலாம். இதுக்கு எதப் பாக்கிறது?" என்றார் அப்பா.

"ரொம்ப தூரம் ஓடுன வண்டிங்க அது. ஏழெட்டு வருசமா மேட்டுல ஏறி எறங்கியிருக்கு. பெயிண்டப் பாத்து மயங்கிராதீங்க. கால் வைக்கிற ரப்பரப் பாருங்க, எவ்வளவு தேஞ்சிருக்குன்னு. அதான் அதுக்குப் பல்லு."

"பாத்தீங்களா மாப்பிள்ளை, பல்லு இருக்கு" என்றார் மாமா.

இஞ்சின்காரர் அவரைக் கவனிக்காமல் அப்பாவிடம் சொன்னார். "போனதும் மொதல்ல இஞ்சின் மேல கைய வைங்க. ஜில்லுன்னு இருக்கணும். சூடா இருந்துச்சுன்னா ஒரு வார்த்த பேசாமத் திரும்பி வந்துருங்க. கெழட்டு இஞ்சின் குளுந்து கெடந்தா லேசுல கெளம்பாது. அதனால ஆளு வர்றதுக்கு முன்னாலயே எப்படியோ கெளப்பி, ஓடவிட்டு, சூடாக்கி நிறுத்தியிருப்பாங்க. அப்புறம் ஒரே தள்ளுல கெளம்பும். நீங்களும் நம்பிருவீங்க."

அதன்பிறகு பார்க்க வேண்டியவற்றையும் சொன்னார். இஞ்சினைச் சக்கரத்தோடு இணைத்து வைத்து வண்டியைப் பின்பக்கமாகத் தள்ளவேண்டும். கன்றுக்குட்டி கால் ஊன்றிக்கொள்வதுபோல முட்டிக்கொண்டு நிற்கவேண்டும், வழுவழுவென்று வந்தால் உள்ளே காற்று தங்கவில்லை. கிளப்பியபின் புகை கொஞ்சம் வந்து நின்றுவிட வேண்டும். நீலமாக வந்துகொண்டே இருந்தால் எண்ணெய் எரிகிறது. ஒரு குச்சியை இஞ்சின் அடிவயிற்றில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்தால், உள்ளே சத்தம் சீராகக் கேட்கவேண்டும், இடிக்கக்கூடாது.

"ஆனா மொத விசயம் கைதாங்க. அது தப்புன்னா மத்தது எதையும் பாக்கவே வேணாம்."

ஸ்டோரில் கொழுந்து குவிகிற காலம் என்பதால் அவரால் கூட வரமுடியவில்லை. அதற்குப் பதிலாக மாமா வந்தார். நாலு காலோ, இரண்டு சக்கரமோ, இழுக்கிற எதையும் பார்த்துச் சொல்லத் தன்னால் முடியும் என்றார். மாடு வாங்கும்போது விற்கிறவன் பழைய கயிற்றைத் தரமாட்டான், நாம்தான் புதுக்கயிறு கொண்டுபோக வேண்டும் என்றார். அந்தக் கயிற்றைக் கன்னிப்பெண் ஒருத்தி பிடித்து முதல் பத்தடி நடத்தி வந்தால்தான் விளங்கும் என்றார். இது மாடு இல்லை என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். அதைத்தான் போய்ப் பார்க்கப் போகிறோம் என்றார் மாமா. ஆக, மஞ்சள் தடவிய புதுக்கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு நானும் வில்வண்டியில் ஏறினேன்.

விடியற்காலையில் புறப்பட்டோம். பசறை தாண்டி ஏற்றங்கள் வந்ததும் மாடுகளுக்குச் சுமை குறையட்டும் என்று சித்தப்பா இறங்கி நடந்தார். நான் உட்கார்ந்திருந்த பக்கமாக வந்து, "நான் ஊருக்குப் போயிட்டா எனக்குக் கடுதாசி எழுதுவியா?" என்று கேட்டார். நான் வழக்கம்போலத் தலையை அசைத்தேன். அது ஆமாம் என்கிற அசைப்பா, இல்லை என்கிற அசைப்பா என்று எனக்கே தெரியவில்லை. "எழுதமாட்டே. அப்ப நான் போகக்கூடாது" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

பங்களாவை அடைந்தபோது உச்சி சாய்ந்துவிட்டது. துரை இல்லை. பங்களாவில் சமையலும் வீட்டுக்காரியமும் பார்த்துவந்த அப்பு எங்களைப் பின்பக்கத்துக் கொட்டகைக்கு அழைத்துப்போனார். துரை கொழும்புக்குப் போய் எட்டு நாளாகிறது, வண்டியை யாரும் தொடவில்லை, அப்படியே கிடக்கிறது என்று அவர் மனப்பாடம் சொல்வதுபோலச் சொன்னார். சொல்லும்போது எங்கள் நால்வரில் என்னை மட்டும் பார்த்தார். என்னை ஏன் பார்க்கிறார் என்று தெரியாமல் நான் கயிற்றைப் பார்த்துக்கொண்டேன்.

மேலே போட்டிருந்த சாக்கை எடுத்ததும் மாமா எல்லாரையும் நிறுத்தினார். முதலில் முகத்தைத்தான் பார்க்கவேண்டும், பின்பக்கத்தைப் பார்க்கக்கூடாது என்றார். அப்பாவும் சித்தப்பாவும் அப்புவும் அவரோடு வண்டியின் முகத்துக்கு எதிரே நின்றார்கள். எனக்கு இடம் இல்லாததால் நான் சுவர்ப்பக்கமாகப் போனேன். இஞ்சின் என் இடுப்பு உயரத்துக்குச் சரியாக இருந்தது. இடியாப்பத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல அதைச் சுற்றி இரும்புத் தகடுகள். உள்ளே எங்கோ டிக், டிக் என்று ஒரு சத்தம். கடிகாரம் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

இஞ்சின்காரர் சொன்னது நினைவிருந்தது. கயிறு வலது கையில் இருந்தது. இடது கையை விரித்து அந்தத் தகடுகளின்மேல் வைத்தேன்.

கத்தவில்லை. அந்நியர் வீட்டில் கத்துவது எப்படி என்று எனக்குத் தெரியாது. கையை மூடி, பாவாடை மடிப்புக்குள் வைத்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. இதற்குள் மாமா டிக், டிக் சத்தத்தைக் கேட்டுவிட்டார். "கவுளி சொல்லுது மாப்பிள்ளை, கெழக்க பாத்துச் சொல்லுது, நல்ல சகுனம்" என்று கொட்டகைக் கூரையில் பல்லியைத் தேடினார். எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். அப்பா மட்டும் மெதுவாக என் பக்கமாகச் சுற்றி வந்தார். வண்டியின் மேல் குனிந்தார். நிமிர்ந்து, எப்போதும் நடக்கிறபடி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வந்த வழியே போய் நின்றார்.

இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சூடாக இருக்கிறது என்று இரண்டு வார்த்தை. ஆனால் அதற்குள் அப்பா, "தம்பி, நீ கைய வச்சுப் பாரு" என்றார்.

சித்தப்பா முன்னால் வந்தார். முழுக் கையையும் விரித்து, நான் வைத்த அதே இடத்தில் வைத்தார். எடுக்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் மூன்று மூச்சு விட்டேன்.

"குளுந்து கெடக்குண்ணே" என்றார்.

என் கை எரிந்துகொண்டிருந்தது. சித்தப்பாவோ குளிர்ந்து கிடக்கிறது என்கிறார், முகம்கூடச் சுளிக்கவில்லை. அம்மா கொதிக்கிற சோற்றுப்பானையை வெறுங்கையால் இறக்குவது நினைவுக்கு வந்தது. ஒருவேளை பெரியவர்கள் கைக்கு இதெல்லாம் குளிர்ச்சியாக இருக்குமோ என்னவோ. அப்படியானால் நான் சொல்லி, எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்துவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

மற்றச் சோதனைகளும் நடந்தன. சித்தப்பா வண்டியைப் பின்னால் தள்ளினார். அது எந்த மறுப்பும் சொல்லாமல் அவரோடு வந்தது. "நல்லா முட்டுதுண்ணே" என்றார். கால் வைக்கிற ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. பல் விழுந்தால்தான் மாட்டுக்கு அனுபவம் என்றார் மாமா. பிறகு சித்தப்பா வண்டியோடு சேர்ந்து நாலடி ஓடித் தாவி ஏறினார். ஒரே தள்ளில் கிளம்பிவிட்டது. அப்பு பெருமூச்சு விட்டார். பின்னால் நீலப் புகை வந்தது. வந்துகொண்டே இருந்தது. மாமாவுக்கு அது சாம்பிராணிபோல மங்களமாகத் தெரிந்தது. புது எண்ணெய் ஊற்றினால் அப்படித்தான் என்றார் சித்தப்பா. குச்சியை வைத்துக் கேட்டவரும் அவர்தான். தூரத்தில் நின்ற எனக்கே உரலில் நெல் குத்துவதுபோலக் கேட்ட சத்தம், குச்சி வழியாக அவருக்குச் சீராகக் கேட்டது.

வண்டியை நிறுத்தியதும் மாமா தோளில் கிடந்த துண்டை அப்புவின் கைமேல் போர்த்தி, உள்ளே தன் கையை விட்டு விலை பேசத் தொடங்கினார். மாட்டுத் தரகில் அப்படித்தான். துண்டுக்குள்ளே விரலைப் பிடித்துத்தான் விலை சொல்வார்கள், பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. இங்கே அப்புவுக்கும் தெரியவில்லை. துரை விலையை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதைச் சொல்ல வாய்ப்புக் கிடைக்காமல், கூச்சத்தில் நெளிந்துகொண்டு அவர் நின்றார்.

அப்பா தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு பீலிக்குப் போனார். மலையிலிருந்து மூங்கில் வழியாக விழுகிற தண்ணீர், ஐஸ்போல இருக்கும். அவர் குடிக்கவில்லை. வலது கையைத் தண்ணீரின் கீழ் நீட்டி வெகுநேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கையை ஏன் மூடியிருக்கே? காட்டு."

காட்டினேன். உள்ளங்கையில் மூன்று கோடுகள், சிவந்து, நடுவில் வெளுத்து, எழும்பி நின்றன. அப்பா என் கையைப் பிடித்துத் தண்ணீரில் வைத்தார். ஏன் தொட்டாய் என்று திட்டவில்லை. சத்தமில்லாமல் கேட்டார்.

"எப்பம்மா சுட்டுச்சு? சித்தப்பா வண்டியக் கெளப்புறதுக்கு முன்னாலயா, பெறகா?"

அந்தக் கேள்வியின் கனம் எனக்குப் புரிந்தது. ஓடின வண்டியைத் தொட்டால் எவருக்கும் சுடும், அதில் ஒன்றுமில்லை. ஓடுவதற்கு முன்னால் என்றால் சித்தப்பா கப்பலேற வேண்டும். கொட்டகை வாசலில் சித்தப்பா வலது கையை இடது அக்குளில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தபடி நின்றார். அப்பாவோ பொய் சொல்லாதவர். அவர் மகள் நான். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

"பெறகு" என்றேன்.

அப்பா என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தார். "சரி" என்றார். போய் மாமாவின் துண்டை விலக்கி, அப்புவிடம் சீட்டை வாங்கி, அதில் இருந்த விலைக்கே வண்டியை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

மாமா கயிற்றை வண்டியின் கைப்பிடியில் கட்டி என்னிடம் கொடுத்தார். இரண்டு கையாலும் பிடிக்கவேண்டும் என்றார். பிடித்தேன். சித்தப்பா பின்னாலிருந்து தள்ள, நான் பத்தடி இழுத்தேன். புதுக்கயிறு முள்ளாகக் குத்தியது. நான் அழுவதைப் பார்த்த மாமா, லட்சுமி வீட்டுக்கு வரும்போது ஆனந்தக் கண்ணீர் வருவது நல்லதுதான் என்றார்.

சித்தப்பா வண்டியை ஓட்டிக்கொண்டு முன்னால் போனார். அவருடைய புகை திருப்பங்களில் எங்களுக்காகக் காத்திருந்தது. பசறைக்கு மேலே ஒரு மதகில் அவரும் காத்திருந்தார். வண்டி பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. அது குளிர்ந்துபோய்விட்டது, மறுபடி கிளம்பவில்லை. மாமா என் மடியிலிருந்த கயிற்றை எடுத்தார். "கயிறு எதுக்குன்னு என் தங்கச்சி கேட்டாளே" என்றார். வில்வண்டியின் பின்னால் மோட்டார் சைக்கிளைக் கட்டினோம். சித்தப்பா அதன்மேல் உட்கார்ந்து திருப்பிக்கொண்டு வந்தார். கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டுக் கூடையோடு திரும்பிய பெண்கள் பாதையோரம் நின்று சிரித்தார்கள். பசறைக் கடைத்தெருவில் தெரிந்தவர் ஒருவர், வண்டி எப்படி என்று அப்பாவைக் கேட்டார். அப்பா கொஞ்ச நேரம் யோசித்து, "இப்ப ஓடல" என்றார்.

வீட்டில் அம்மா என் கையைப் பார்த்துவிட்டுச் சுண்ணாம்புத் தெளிவில் தேங்காய் எண்ணெய் விட்டு வெண்ணெய்போல அடித்து, ஒரு சிரட்டை நிறைய எடுத்து வைத்தாள். கொஞ்சம் எடுத்து எனக்குப் பூசினாள். காலையில் பார்த்தால் சிரட்டை வழித்தெடுத்திருந்தது. இவள் ஒரு கைக்கா இவ்வளவு மருந்து என்று அம்மா சத்தம் போட்டாள். கடையில் அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் அதைத் தொடவில்லை என்று அம்மாவிடம் சொல்லவும் வாய் வரவில்லை. மருந்து தின்றவள் என்ற பேரோடு இரண்டு நாள் இருந்தேன்.

சிரட்டை காலியாகிக் கிடந்த அன்று ஞாயிறு. இஞ்சின்காரர் வந்து இஞ்சினைத் திறந்து பார்த்தார். உள்ளே இருக்கவேண்டிய வளையங்கள் தேய்ந்து வளையல் துண்டுபோல ஆகியிருந்தன. சத்தம் தெரியாமல் இருக்கக் கெட்டி எண்ணெயை வேறு ஊற்றி வைத்திருந்தார்கள். அவர் சித்தப்பாவை நிமிர்ந்து பார்த்தார்.

"கைய வச்சுப் பாத்தியா இல்லியா?"

"பாத்தேன். குளுந்துதான் இருந்துச்சு."

சித்தப்பாவின் வலது கையில் துணி சுற்றியிருந்தது. இஞ்சின்காரர் அதைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். ஏமாந்தது நாங்கள், இவருக்கு என்ன சிரிப்பு என்று எனக்குக் கோபம் வந்தது. அப்பா மட்டும் கோபப்படவில்லை. வேண்டிய சாமான் எது என்று எழுதிக் கொடுங்கள், வரவழைக்கலாம் என்றார். சாயம் போன சேலையைத் திருப்பிக் கொண்டுவந்தவர்களிடம் பேசுகிற அதே குரலில் சொன்னார்.

மறுநாள் அப்பா என்னைக் கூப்பிட்டார். தன் கை சரியில்லை, பெரியப்பாவுக்கு அவர் சொல்லச் சொல்ல நான் எழுதவேண்டும் என்றார். எனக்கு இடது கைதானே புண், எழுதலாம். அவருடைய வலது கையிலும் ஒரு துணி சுற்றியிருந்தது. நான் எழுதினேன்.

தோட்டங்களில் வியாபாரம் செய்ய ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கிறோம். வாங்குமுன் இஞ்சினில் கை வைத்துப் பார்த்ததில் குளிர்ந்திருப்பதாகத் தம்பி சொன்னான். குழந்தையைக் கேட்டதற்கு அவளும் அதற்கு மாறாகச் சொல்லவில்லை. அதை ஓட்டத் தெரிந்தவன் இங்கே அவன் ஒருவன்தான். அவன் இல்லாவிட்டால் வண்டி ஓரடி நகராது. ஆகையால் அவனை இப்போது அனுப்புவதற்கில்லை.

மாடுகள் இழுத்து வந்ததை எழுதவேண்டாமா என்று எனக்குச் சந்தேகம். பேனாவை நிறுத்தி அப்பாவைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "கேட்டா எழுதலாம்" என்றார்.

பெரியப்பா கேட்கவில்லை. வண்டியில் ஜாக்கிரதையாகப் போய்வரவும் என்று மட்டும் பதில் எழுதியிருந்தார். தை பிறந்து போயிற்று. சித்தப்பா அந்த வண்டியோடு பல வருஷம் தோட்டப் பாதைகளில் அலைந்தார். அவர் அதில் ஏறிப் போனதும் உண்டு, அதைத் தள்ளிக்கொண்டு போனதும் உண்டு. எது அதிகம் என்று சொல்லமுடியாது. ஊருக்கு அவர் திரும்பவே இல்லை. அதற்கு என்ன காரணம் என்று பிற்காலத்தில் எனக்குத் தெரிந்தது. அது அவருடைய கதை. அவர் யாரிடமும் சொல்லவில்லை, நானும் சொல்வதாக இல்லை.

அன்று கடிதத்தை எழுதி முடித்ததும் கையெழுத்துப் போடுவதற்காக அப்பா பேனாவை வாங்கினார். விரலை மடக்க முடியாமல் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். அவர் உள்ளங்கை ஒரு கணம் எனக்கு நேராக விரிந்தது. அதில் நான்கு கோடுகள். என் கையில் இருந்த அதே இடைவெளி. அவருக்குக் கை பெரியது, அதனால் ஒரு கோடு கூட என்று நான் கணக்குப் போட்டேன். வண்டி நின்றபிறகு அப்பாவும் தெரியாமல் தொட்டிருப்பார் போலும் என்று நினைத்தேன். ஆனால் நின்றபிறகு அவர் அதன் பக்கமே போகவில்லை, என்னோடு பீலியில் அல்லவா இருந்தார்? அதற்குமேல் எனக்கு ஓடவில்லை. அவர் மையை ஊதிக் காயவைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முன்னாலயா, பெறகா என்று அப்பா என்னைக் கேட்டது, தெரிந்துகொள்வதற்காகத்தான் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.